யூனிட் ஒரு கணக்கு, இரவு பத்து மணி வேறொரு கணக்கு

கேள்வி: மதுரைப் புறநகரில் மாடி வீடு கட்டிக் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று பேஸ் இணைப்பு. மாடியில் உள்ள இரண்டு படுக்கையறைகளிலும் ஒன்றரை டன் ஏசி இருக்கிறது. ஒன்று பழையது, மற்றொன்று இன்வெர்ட்டர் வகை. கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து இரவு பத்து மணி வாக்கில் ஸ்டெபிலைசரில் 178 என்று காட்டுகிறது. பழைய ஏசி நின்று நின்று ஓடுகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போய்த் தெருவே இருண்டுவிடுகிறது. மற்ற மாதங்களில் 300 யூனிட்டைத் தாண்டாத எங்கள் கணக்கு இந்த முறை 560 ஆகிவிட்டது. வீடு முழுவதற்கும் பெரிய ஸ்டெபிலைசர் போடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இரவில் மின்சாரம் மலிவு என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து, துணி துவைப்பதையும் தண்ணீர் மோட்டார் போடுவதையும் இரவு ஒன்பது மணிக்கு மேல் மாற்றினோம், பில் குறையவில்லை. மொட்டை மாடியில் சோலார் போட்டால் இரண்டு தொல்லையும் தீருமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு நோய்கள் ஒரே பெயரில் வந்திருக்கின்றன. பில் ஏறியது ஒன்று. பத்து மணிக்கு வோல்டேஜ் விழுவது மற்றொன்று. முதலாவது, இரண்டு மாதத்தில் மொத்தம் எத்தனை யூனிட் செலவாயிற்று என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் தெரு முழுவதும் சேர்ந்து எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நீங்கள் மோட்டாரை இரவுக்கு மாற்றியதே சான்று: பில்லில் ஒரு ரூபாயும் குறையவில்லை, தெருவின் சுமையில் மட்டும் ஒரு மோட்டார் கூடியது.

அந்த வாட்ஸ்அப் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கான கட்டணம் எத்தனை யூனிட் என்று மட்டுமே பார்க்கிறது. எந்த மணிக்கு என்று பார்ப்பதில்லை. நேரத்தைப் பார்த்து விலை வைப்பது இங்கே உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளுக்கு நெடுங்காலமாக இருக்கிறது. அவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. மத்திய அரசு 2023-இல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள், ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்கும் நேரத்துக்கு ஒரு விலை வரலாம் என்று வழி திறந்திருக்கின்றன. அந்த விதிகளிலும் மலிவு நேரம் என்று சொல்லப்படுவது வெயில் அடிக்கும் பகல்தான், இரவு அன்று. காரணம் எளியது. கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் முதல் ஊர்ப்புறங்களில் இப்போது விரிந்து கிடக்கும் சோலார் பண்ணைகள் வரை எல்லாம் பகலில் கொட்டுகின்றன. பொழுது சாய்ந்ததும் மொத்தமாக நின்றுவிடுகின்றன. தென்மேற்குப் பருவம் பிடித்து ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுழலத் தொடங்கும் வரை, கத்திரி நாட்களின் இரவுதான் மின் வாரியத்துக்கு மிகவும் நெருக்கடியான நேரம். அந்த நேரத்தில் மின் சந்தையில் யூனிட் விலை அதன் உச்ச வரம்பான 10 ரூபாயைத் தொடுவது வழக்கமான செய்தி. மாநிலத்தின் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டை எட்டியது. அந்தப் பெரிய எண்ணில் உங்கள் தெருவின் பங்கு துளிதான். ஆனால் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தத் துளியே வெள்ளம்.

அந்த டிரான்ஸ்ஃபார்மரின் கணக்கைப் பார்ப்போம். குடியிருப்புத் தெருக்களில் நிறைய இடங்களில் இருப்பது 100 கேவிஏ (திறனின் அளவு) டிரான்ஸ்ஃபார்மர். உங்கள் தெருவிலும் அதுதான் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பேஸிலும் சுமார் 135 ஆம்பியர் வரை அது தரும். பழைய வகை ஒன்றரை டன் ஏசி ஒன்று ஓடும்போது ஏறத்தாழ 8 ஆம்பியர் எடுக்கிறது. ஒரு பேஸில் பதினேழு ஏசி ஓடினால், மின்விசிறியும் ஃபிரிட்ஜும் விளக்கும் இல்லாமலேயே அந்தப் பேஸ் நிரம்பிவிடும். மூன்று பேஸுக்கும் சேர்த்து ஐம்பது ஏசி. ஆறு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் குடிவந்தபோது தெருவில் எத்தனை வீட்டுச் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி தொங்கியது, இன்று எத்தனை தொங்குகிறது என்று ஒரு மாலை நடந்து எண்ணிப் பாருங்கள். அநேகமாக எல்லாரும் ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் இடையில் சாப்பிட்டு முடித்து, கதவைச் சாத்தி, ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். கம்பியில் ஓட்டம் கூடக்கூட வழியிலேயே வோல்டேஜ் கரைகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளியிருக்கும் வீட்டுக்கு மிச்சம்தான் வந்து சேரும். நீங்கள் பார்க்கும் 178 அந்த மிச்சம்.

உங்கள் பழைய ஏசி நின்று நின்று ஓடுவதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. மோட்டாரின் திருகுவிசை, அதாவது சுழற்றும் விசை, வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 178 இருந்தால் விசை ஏறத்தாழ 60 சதவீதம்தான். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில் வழக்கமான ஓட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த இழுப்பில் 178 மேலும் சரிந்து 170-க்குக் கீழே போய்விட, ஸ்டெபிலைசர் தன்னைத் துண்டித்துக்கொள்கிறது. சில நிமிடம் கழித்து மறுபடி முயல்கிறது, மறுபடி சரிகிறது. அறை குளிர்வதில்லை, ஒவ்வொரு முயற்சியும் கம்ப்ரசரின் சுருளைச் சூடாக்குவதோடு, தெருவின் வோல்டேஜையும் ஒரு கணம் கீழே தள்ளுகிறது. இந்த ஆட்டம் தொடங்கிவிட்டால் அந்த ஏசியை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். பிடிவாதமாக ஓடவிட்டுக் கம்ப்ரசரை மாற்றிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பெரிய ஸ்டெபிலைசர். ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. குறைந்த வோல்டேஜை உயர்த்தித் தருவதற்குக் கம்பியிலிருந்து கூடுதல் ஆம்பியரை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவே. 1,500 வாட் சுமைக்கு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் போதும். அதையே 170 வோல்ட்டில் ஸ்டெபிலைசர் வழியாகப் பெறுவதற்கு ஒன்பதுக்கு அருகில் போகும். முழு வீட்டுக்கும் நீங்கள் போட்டால் உங்களுக்கு நிம்மதி. அடுத்த வீட்டில் 178 என்பது 174 ஆகும். அவரும் போடுவார். கடைசியில் தெருவில் எல்லார் வீட்டிலும் ஸ்டெபிலைசர் இருக்கும், ஃபியூஸ் மட்டும் இருக்காது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனித்தனியாக இருப்பது போதும். அந்தப் பணத்தை வேறிடத்தில் செலவிடுவது நல்லது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் செலவே இல்லாத ஒன்று. உங்களுடையது மூன்று பேஸ் இணைப்பு. நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, இரண்டு ஏசியும் எந்தப் பேஸில் இருக்கின்றன என்று மெயின் போர்டில் பார்க்கச் சொல்லுங்கள். மாடி முழுவதையும் ஒரே பேஸில் இழுத்துவிடுவது ஒயரிங் செய்பவர்களுக்குக் கை வந்த பழக்கம். அப்படி இருந்தால், உங்கள் வீட்டின் மிகப் பெரிய இரண்டு சுமைகளும் ஒரே கம்பியில் தொங்குகின்றன. மற்ற இரண்டு பேஸிலும் 210 வந்துகொண்டிருக்கக்கூடும். இரவு பத்து மணிக்கு மூன்று பேஸையும் மீட்டர் வைத்து அளந்து, ஒரு ஏசியை நல்ல பேஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் பேஸ் செலக்டர் சுவிட்ச் வைத்து, எந்தப் பேஸில் வோல்டேஜ் நன்றாக இருக்கிறதோ அதற்கு முழு வீட்டையும் திருப்பும் பழக்கம் வேண்டாம். தெருவில் பத்து வீடு அப்படித் திருப்பினால் நல்ல பேஸும் அரை மணியில் படுத்துவிடும்.

பில்லுக்கு வருகிறேன். இங்கே நீங்கள் நினைப்பதைவிடச் செய்தி நல்லது. நம் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வரப்பு. அதற்குள் நின்றால் முதல் 100 இலவசம் போக, 101 முதல் 200 வரை மிகக் குறைந்த விலை. வரப்பைத் தாண்டினால் அந்தக் குறைந்த விலை உங்களுக்குக் கிடையாது. 101-ஆவது யூனிட்டிலிருந்தே அடுத்த படியின் விலை விழும். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி கணக்கிட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். அதாவது கடைசி 60 யூனிட்டுக்கு மட்டும் 705 ரூபாய், யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. அதன் பிறகு 2024 ஜூலையில் விலை சற்று ஏறியிருக்கிறது. ஆனால் படிகளின் அமைப்பு அதுவேதான். ஆகவே நீங்கள் 560-ஐ 300 ஆக்க வேண்டியதில்லை. 60 யூனிட்டைக் குறைத்தால் போதும். அறுபது நாளில் அறுபது யூனிட், நாளுக்கு ஒன்று.

அந்த ஒரு யூனிட் எங்கே இருக்கிறது என்று தேட வெகுதூரம் போக வேண்டாம். தலைக்கு மேல் சுற்றுகிறது. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி வகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். பன்னிரண்டு மணி நேரம் சுற்றும் இரண்டு விசிறிகளை மாற்றினால் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் மிச்சம். நாள் முழுவதும் ஓடும் கூடத்து விசிறியையும், உங்கள் வீட்டில் ஏசி இல்லாத அறையில் யார் படுக்கிறார்களோ அவர்களுடைய விசிறியையும் முதலில் மாற்றுங்கள். ஸ்டெபிலைசருக்கு என்று ஒதுக்கிய பணத்தை நான் செலவிடச் சொன்ன வேறிடம் இதுதான். வீட்டில் பேட்டரி இன்வெர்ட்டர் வைத்திருந்தால் இதில் இன்னொரு பலனும் உண்டு: தெரு இருண்ட நேரத்தில் பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும், மின்சாரம் திரும்பியதும் அது தன்னை நிரப்பிக்கொள்ள இழுப்பதும் குறையும்.

ஏசியின் வெப்பநிலையை நீங்கள் எழுதவில்லை. 22-இல் வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனெனில் என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் அதில்தான் வைத்திருக்கிறார்கள். 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏசிகள் 24-இல் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருப்பது சும்மா அன்று. ஒரு டிகிரி ஏற்றினால் ஏசியின் செலவில் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 26-இல் வைத்து விசிறியை இரண்டாம் எண்ணில் சுற்ற விடுங்கள். மூன்று நாள் முகம் சுளிப்பார்கள். நான்காம் நாள் போர்வையைத் தேடுவார்கள். ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குழாயடியில் காட்டிக் கழுவுங்கள். கத்திரியின் மோசமான இரண்டு வாரத்துக்கு எல்லாரும் ஒரே அறையில், இன்வெர்ட்டர் ஏசியின் கீழ் பாய் விரித்துப் படுக்க முடியுமானால், நான் மேலே எழுதியதும் கீழே எழுதப்போவதும் சேர்ந்து தரும் பலனைவிட அது பெரிது. முடியாத வீடுகளும் உண்டு என்பதை அறிவேன்.

உங்கள் படுக்கையறைகள் இரண்டும் மேல் மாடியில் இருப்பது தனித் தொல்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு ஸ்டூலில் ஏறிக் கூரையின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பதைப் போல இருக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், சூடு உள்ளே இறங்கச் சில மணி நேரம் எடுத்துக்கொண்டு, நீங்கள் படுக்கப் போகும் நேரத்துக்குச் சரியாக அதை அறைக்குள் விடுகிறது. உங்கள் ஏசி முதல் ஒரு மணி நேரம் முழுமூச்சில் ஓடுவது காற்றைக் குளிர்விக்க மட்டுமன்று. அந்தக் கூரையோடும் சுவரோடும் மல்லுக்கு நிற்பதற்கும்தான். அந்த ஒரு மணி நேரமும் தெருவின் பத்து மணியும் ஒன்றாக விழுகின்றன. மொட்டை மாடியில் தட்டோடு பதிக்காமல் சிமெண்டுத் தளமாகவே விட்டிருந்தால், வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சை அடுத்த மாசி பங்குனிக்குள் இரண்டு கை அடித்துவிடுங்கள். பச்சை வலைப் பந்தல் அதைவிட மலிவு. காற்றுக்குக் கிழியாமல் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். மாலையில் தண்ணீர் தெளிப்பதும் வேலை செய்யும். ஆனால் லாரித் தண்ணீர் வாங்கும் பகுதியாக இருந்தால் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்த பிறகு, ஏழரை எட்டு மணிக்கு, எல்லா ஜன்னலையும் திறந்து விசிறியை ஓடவிட்டு, அறைக்குள் தேங்கிய சூட்டை வெளியே துரத்துங்கள். பிறகு எட்டே முக்கால் அளவில் சாத்தி 26-இல் ஏசியைப் போட்டுவிட்டால், பத்து மணிக்கு இன்வெர்ட்டர் ஏசி தணிந்து ஓடும் நிலைக்கு வந்திருக்கும். இப்படி முன்கூட்டிப் போடுவதால் கால் யூனிட், அரை யூனிட் கூடலாம். தெருவின் நெருக்கடியைத் தவிர்ப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 வரப்புக்குள் இருக்கும் வரை அது பெரிதாகத் தெரியாது.

மோட்டாரை நாளைக்கே பகலுக்கு மாற்றுங்கள். காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் தொட்டி நிரம்பட்டும். ஒரு குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் 178 வோல்ட்டில் ஓடினால், தண்ணீர் ஏறுகிறதோ இல்லையோ, சுருள் வேகும். அதைக் கிணற்றிலிருந்து தூக்கி ரீவைண்டிங் செய்யும் செலவில் இரண்டு பில் கட்டிவிடலாம். துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் அதே பகல்தான். மறுநாள் மாவை இரவு ஒன்பது மணிக்கு ஆட்டுவதில் 150 வாட்தான் போகிறது. அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். 2,000 வாட் இழுக்கும் இண்டக்ஷன் அடுப்பும் கீசரும்தான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியவை.

ஃபியூஸ் போகும் இரவுகளைப் பற்றி, முப்பது ஆண்டுகள் மின் பகிர்மானத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மே மாத இரவில் ஒரே டிரான்ஸ்ஃபார்மருக்கு மூன்று முறை ஃபியூஸ் கம்பி கட்டினோம். முதல் இரண்டு முறையும் ஹேண்டிலைத் தூக்கிவிட்ட அடுத்த நொடியே பட்டென்று போயிற்று. காரணம், இருட்டில் காத்திருந்த வீடுகளில் ஏசியின் சுவிட்சுகள் எல்லாம் போட்டபடியே இருந்தன. மின்சாரம் வந்த கணத்தில் அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. மூன்றாவது முறை கட்டுவதற்கு முன் லைன்மேன் ஒருவர் டார்ச்சோடு வீடு வீடாகப் போய், ஏசியை அணையுங்கள், விளக்கு வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். விடியும் வரை நின்றது. எனவே மின்சாரம் போனவுடன் இரண்டு ஏசியின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, ஒரு விளக்கை மட்டும் போட்டபடி விடுங்கள். வந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து முதல் ஏசி; மேலும் பத்து நிமிடம் கழித்து இரண்டாவது. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பகிர வேண்டிய செய்தி உண்மையில் இதுதான். வீட்டுக் கிட்கேட் ஃபியூஸில் தடித்த கம்பி கட்டி ‘இனி போகாது’ என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்; ஃபியூஸ் போகாவிட்டால் சுவருக்குள் ஒயர் போகும். மாறாக, விளக்குகள் திடீரென்று வழக்கத்துக்கு மாறாகப் பளீரென்று எரிந்தால் மூன்று பேஸுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டுப் புகார் சொல்லுங்கள்.

சோலார் பில்லுக்கு நல்ல மருந்து. நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும்; இரண்டு கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட்டுக்கு அருகில் வரும். 2024-இல் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பலகையின் நிழல் விழும் இடத்தில் கூரைச் சூடும் தணியும். ஆனால் இரவு பத்து மணிக்கு அது உங்களுக்கு எதுவும் செய்யாது. தெருவில் மின்சாரம் இல்லாதபோது, கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, பட்டப்பகலிலும் அது தானாக நின்றுவிடும். இதைச் சொல்லாமல் விற்பவரிடம் வாங்க வேண்டாம்.

மிச்சமிருப்பது டிரான்ஸ்ஃபார்மர். அதை நீங்கள் தனியாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் கேட்க முடியும். ஒரு வாரம், மாலை ஏழு, ஒன்பது, பத்தேகால், பதினொன்றரை, காலை ஆறு ஆகிய வேளைகளில் ஸ்டெபிலைசர் காட்டும் உள்வரும் வோல்டேஜைத் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். தெருவில் நான்கைந்து வீட்டாரையும் எழுதச் சொல்லுங்கள். அவற்றை இணைத்து, சுமையை மூன்று பேஸிலும் சமன் செய்யவும் டிரான்ஸ்ஃபார்மரின் திறனைக் கூட்டவும் கேட்டு, உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் மனு கொடுத்து ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். ‘லோ வோல்டேஜ்’ என்று வாயால் சொல்லும் புகார் மறுநாள் காலையில் மறைந்துவிடும், ஏனெனில் அவர்கள் பார்க்க வரும் பகலில் 225 இருக்கும். மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் உண்டு. கூடவே, இணைப்பு வாங்கியபோது எழுதிக் கொடுத்த மின்பளுவில் இந்த இரண்டு ஏசியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து முறைப்படுத்திவிடுங்கள். தெருவில் யாருமே அதைச் செய்யாததால்தான், அலுவலகக் காகிதத்தில் உங்கள் தெரு இன்னும் வெறும் மின்விசிறித் தெருவாகவே இருக்கிறது.

மீட்டர் அட்டையில் கடைசியாகக் கணக்கெடுத்த தேதியையும் எண்ணையும் பார்த்து, பத்து நாளுக்கு ஒரு முறை ரீடிங்கைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வாருங்கள். பத்து நாளில் 83 யூனிட்டுக்குள் இருந்தால் 500-க்குள் நிற்பீர்கள்.